இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் இரண்டு அடி இல்லை

கேள்வி: பால்கனித் தரைக்கு நானே டைல்ஸ் ஒட்டப் போகிறேன். சுவர் டைல்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. போடலாமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. சுவர் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், மிதிபட்டால் மேல்பூச்சு தேயும், கனமாக ஏதாவது விழுந்தால் உடையும்.

கேள்வி: ஹால் 480 சதுரடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பெட்டிக்கு 16 சதுரடி என்றார்கள். 30 பெட்டி வாங்கி நானே ஒட்டினேன். கடைசி வரிசைக்குக் கல் போதவில்லை. அளவு எடுத்ததில் தவறா? (மதுரை)

பதில்: உங்கள் அளவு சரி. கடையில் சொன்ன கணக்குதான் தவறு. எனக்கு வெகுநாளாக ஆறாத கோபம் இது.

பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்: 600 x 600 மி.மீ. இரண்டு அடி என்றால் 609.6 மி.மீ. இருக்க வேண்டும். நாலு கல் சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுரடி. பெட்டிக்கு அரை சதுரடி குறைகிறது. 30 பெட்டியில் 15 சதுரடி போயிற்று, ஏறக்குறைய ஒரு முழுப் பெட்டி. சதுரடி 60 ரூபாய் என்றால் 900 ரூபாயை வராத கல்லுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சின்னத் தொகைதானே என்று கடைக்காரர் சொல்வார். ஒரு நாளில் எத்தனை ஹாலுக்கு இப்படிப் பில் போடுகிறார் என்று அவரைக் கேளுங்கள். மெட்ரிக் அளவில்தான் விலை சொல்ல வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை, புகாரை அங்கே கொடுக்கலாம்.

இனி பெட்டி விலையைக் கேளுங்கள், அதை 15.5-ஆல் வகுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். கடைசி வரிசைக்கு இப்போது வாங்கப் போகும்போது பழைய பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள். பேட்ச் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுப்பு), ஷேடு எண் (நிறச் சாயல்) இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவின் ஓய்வூதியச் சேமிப்பில் வாங்கிய டைல்ஸ். பாதி பெட்டிகளில் நிறம் வேறாக இருக்கிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதைக் காட்டி விரட்டுகிறார்கள். (விழுப்புரம்)

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும்போது வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒட்டுவதை இன்றே நிறுத்துங்கள், ஒட்டிய கல்லில் அவர்கள் வாதம் செய்வார்கள். இரண்டு நிறக் கல்லையும் அருகருகே வைத்து, பெட்டி எண்களும் தெரியும்படி படம் எடுங்கள். கடைக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசமும் உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள், தவறு அவருடையது அல்ல.

கேள்வி: ஒட்டுவதற்குச் சிமெண்டா, பேஸ்ட்டா? (நாகர்கோவில்)

பதில்: பழகாத கைக்குப் பேஸ்ட், அதாவது தண்ணீரில் கலக்கும் ஒட்டுப் பொடி. 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை சுமார் 45 சதுரடிக்கு வரும். அரை மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், இறுகியதில் மறுபடி தண்ணீர் விடாதீர்கள். நாலு மூலையில் உருண்டை வைத்து அமுக்கினால் நடுவில் வெற்றிடம் விழும், தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும், அங்கேதான் பிறகு உடையும். பல் வைத்த கரண்டியால் முழுவதும் இழுத்துப் பரப்புங்கள். மலிவு கட்டர் மட்டும் வேண்டாம். நான் வாங்கியதில் சக்கரம் ஆடி, வெட்டிய கல்லெல்லாம் கோடு விலகி உடைந்தது. நல்லதை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: பாத்ரூம் தரைக்கு ஆன்லைனில் படம் பார்த்துப் பளபள டைல்ஸ் வாங்கினேன். வழுக்குகிறது. விலை குறையும் என்பதால் பில் வாங்கவில்லை. வழக்குப் போடலாமா? (சென்னை)

பதில்: எதை வைத்து? பளபளப்பைக் கேட்டு வாங்கினீர்கள், பில்லை வேண்டாம் என்றீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே ரப்பர் விரிப்புப் போடுங்கள், அப்புறம் சொரசொரப்பான டைல்ஸுக்கு மாற்றுங்கள். இந்த முறை பில்லோடு.