பேட்டிங் பொடியும் டிரம் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்), தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கம் வேலை செய்கிறேன். சுண்ணாம்பு போக்கிய ஆட்டுத்தோலை மிருதுவாக்கப் பேட்டிங் பொடி போடுகிறோம். அதில் இருப்பது என்சைம் என்கிறார்கள். மார்கழியில் தோல் விறைப்பாகவே நிற்கிறது. வைகாசியில் அதே பொடி, அதே அளவு, அதே நேரம், ஆனால் மேல்பரப்பு தளர்ந்துவிடுகிறது. பொடியில் கலப்படமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பொடியைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். அளவும் நேரமும் எழுதியிருக்கிறீர்கள். டிரம்மில் சூடு எத்தனை டிகிரி, பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) எவ்வளவு என்று எழுதவில்லை. என்சைமுக்கு அவைதான் முக்கியம்.

என்சைம் ஒரு புரதம். நீண்ட சங்கிலி மடிந்து மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது, அதில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பொருந்தும் மூலக்கூறு மட்டும் வந்து உட்கார்ந்து அறுபடும். 1894இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். மூலக்கூறு வந்ததும் பள்ளமும் கொஞ்சம் வளைந்து இடம் கொடுக்கிறது என்று 1958இல் கோஷ்லண்ட் என்ற உயிர்வேதியியலாளர் திருத்தினார். அறுத்து முடித்த என்சைம் செலவாகிப் போவதில்லை, அடுத்ததைப் பிடிக்கிறது. அமிலம், உப்பு போல நினைத்தால் இங்கேதான் ஏமாந்துபோவோம். நாம் நிறுத்தும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

சூடு 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நம் வேலூர்ப் பக்கம் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, மார்கழி விடியலில் 20க்கும் கீழே இறங்குகிறது. தொட்டித் தண்ணீரை அப்படியே டிரம்மில் விட்டால், ஒரே நேரத்தில் மூன்று நான்கு மடங்கு வேலை வித்தியாசப்படும். அதற்காகக் கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள். சூடு மிஞ்சினால் மடிப்பு குலைந்து பள்ளமே இருக்காது, ஆறவைத்தாலும் பெரும்பாலும் திரும்பாது. கணையத்திலிருந்து எடுக்கும் பேட்டிங் என்சைமுக்கு 35 முதல் 37 டிகிரி சரி.

அப்புறம் பிஎச். நம் வயிற்றிலுள்ள பெப்சினுக்கு 2 பக்கம் வேண்டும், கணைய என்சைமுக்கு 8 பக்கம். சுண்ணாம்புத் தோலிலோ 12க்கு மேல். டீலைமிங், அதாவது சுண்ணாம்பு போக்குவது, அரைகுறையாக முடிந்தால் வெளிப்புறம் 8 காட்டும், தடித்த கழுத்துப் பகுதிக்குள் சுண்ணாம்பு இருக்கும். அங்கே என்சைம் நுழைந்தாலும் ஓடாது. ஓர் ஓரத்தை வெட்டி காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபினால்ப்தலீன் சொட்டு விடுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் பொடி போட அவசரப்பட வேண்டாம்.

ஒரு காலத்தில் இதே வேலைக்கு நாய் மலமும் பறவை எச்சமும் கரைத்து, தொழிலாளிகள் கையால் கலக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் கணைய என்சைமைக் கொண்டுவந்ததால் அந்தக் கொடுமை போனது. அத்தனை தூரம் வந்த பிறகும் டிரம் அருகே ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் உங்களை வேலை செய்யச் சொல்வது நியாயமில்லை. மேஸ்திரியிடம் கேளுங்கள், பெரிய செலவில்லை.

கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்து நின்றால் போதும், கடிகாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே குளிர்ந்த நீரில் அலசி பிக்கிளுக்கு (அமிலமும் உப்பும் கலந்த தண்ணீருக்கு) அனுப்புங்கள், அந்த அமிலம் மிச்ச என்சைமை நிறுத்திவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் தோல் விறைத்தால், மூட்டை எங்கே கிடந்தது என்று விசாரியுங்கள். தகரக் கூரைக்கடியில் ஈரத்தோடு வெந்து கிடந்த பொடி கலப்படமே இல்லாமல் வலுவிழக்கும்.