“சமாளிக்கிறேன்” என்று சொல்லிவிட்டீர்களா?

கேள்வி: அகதி அந்தஸ்து கிடைத்து, கிளாஸ்கோவில் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வெறும் வீடு தந்திருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, தரைவிரிப்பு கேட்டு ஸ்கொட்டிஷ் வெல்ஃபெயர் ஃபண்டுக்கு விண்ணப்பித்தேன். கட்டில் மட்டும் தந்தார்கள். மற்றவற்றுக்கு ‘முன்னுரிமை போதாது’ என்று கடிதம் வந்திருக்கிறது. எதிர்த்துக் கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? லண்டனில் இருக்கும் சித்தி, “அது கடன்தானே, விட்டுவிடு” என்கிறார்.
– வாசகி, கிளாஸ்கோ

பதில்: தங்கச்சி, விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அகதி அந்தஸ்து உள்ளவருக்கு இந்த உதவியைக் கேட்க உரிமை உண்டு. மறுத்தால் மறுபரிசீலனை கேட்கவும் உரிமை உண்டு. சித்தி சொல்வது வேறு சங்கதி. யூனிவர்சல் கிரெடிட் என்ற மாதாந்த அரச உதவிப்பணத்தில் முற்பணம் வாங்கினால் மாதாமாதம் கழிப்பார்கள். நீங்கள் கேட்டது வெல்ஃபெயர் ஃபண்டின் கொமியூனிட்டி கெயார் கிராண்ட் என்ற மானியம். திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2013இல் தொடங்கிய இந்தத் திட்டம் ஸ்கொட்லாந்தில் மட்டும்தான். லண்டன் அனுபவம் இங்கே உதவாது.

சரி, ஏன் மறுத்தார்கள்? கையில் இருக்கும் நிதியைப் பார்த்து, ஒவ்வொரு பொருளின் தேவையையும் உயர், நடுத்தர, தாழ் என்று இந்த ஃபண்டை நடத்தும் உங்கள் கவுன்சில் (உள்ளூராட்சி) தரம் பிரிக்கும். உங்கள் அடுப்பு கீழே போய்விட்டது. அதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. போனில் “இப்போது எப்படிச் சமைக்கிறீர்கள்?” என்று கேட்டிருப்பார்கள். நம் ஆட்களுக்கு வாயில் வரும் பதில்: “பரவாயில்லை, சமாளிக்கிறேன்.” அது அப்படியே பதிவாகியிருக்கும். அன்று நீங்கள் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பிரதி கேளுங்கள்.

கடிதம் கிடைத்ததிலிருந்து 20 வேலைநாட்களுக்குள் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். முறைப்பாடு மாதிரி எழுத வேண்டாம். அதிகாரி நேரில் பார்க்காத வீட்டை அவருக்குக் காட்டுங்கள், போதும். “அடுப்பு இல்லாமல் கஷ்டம்” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஒற்றைத் தட்டு மின்னடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்கிறேன். மூன்று வயது மகன் அதைச் சுற்றித் தவழ்ந்து விளையாடுகிறான்” என்றால் விளங்கும். தரைவிரிப்புக்கும் அப்படித்தான்: வெறும் கொங்கிரீட்டா, ஆணி துருத்தி நிற்கிறதா, பிள்ளைக்கு மூச்சுத் தொல்லை உண்டா? இருந்தால் டொக்டரின் கடிதம், நாலு படங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள், ஒரு பொய் பிடிபட்டால் உண்மையும் எடுபடாது.

கவுன்சில் வழக்கமாக 15 வேலைநாட்களுக்குள் பதில் தரவேண்டும். அப்போதும் மறுத்தால், ஒரு மாதத்துக்குள் பொதுச் சேவைகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஸ்கொட்லாந்துப் பொதுச் சேவைகள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2016இலிருந்து இந்தச் சுயாதீன மறுபரிசீலனை அவர்கள் கையில். செலவில்லை, போனிலும் கேட்கலாம். கவுன்சிலின் முடிவை மாற்றும் அதிகாரமே அவர்களுக்கு உண்டு, வெறும் ஆலோசனை சொல்பவர்கள் அல்ல.

அப்புறம் ஒன்று: மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று போன் எடுத்ததுமே சொல்லுங்கள்.