பேரிங் மாற்றியாச்சு, டயர் மாற்றியாச்சு, சத்தம் மட்டும் போகவில்லை

கேள்வி: அண்ணே, எங்கள் ஊர் தேவகோட்டை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், கார் அப்பா பெயரில் ஊர் வீட்டில் நிற்கிறது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், முன் வீல் டிரைவ், 225/40 ஆர்18 டயர். 38 லட்சம் கொடுத்து வாங்கி இரண்டரை வருஷம், 3 வருஷ வாரண்டி. மாசத்துக்கு ஒரு தடவை வந்து எடுப்பேன், சில சமயம் இரண்டு மாசம் கூட ஆகிவிடும். 9,000 கிலோமீட்டரில் பின்பக்கம் இடது சக்கரத்தில் சத்தம் ஆரம்பித்தது. 60-க்கு மேல் போனால் பக்கத்து அறையில் கிரைண்டரில் மாவு ஆடுகிற மாதிரி. சர்வீஸ் சென்டரில் பேரிங் மாற்றினார்கள், வாரண்டியில்தான். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அடுத்த ட்ரிப்பில் பழையபடி. அப்புறம் டயர்தான் காரணம் என்றார்கள். 11,000-த்தில் நாலையும் மாற்றினேன், 64,000 ரூபாய் என் காசு. சத்தம் சுத்தமாக நின்றது. இப்போது 16,000, மறுபடி அதே சத்தம். கேட்டால், பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், பேரிங் போய்விட்டது, இந்தத் தடவை வாரண்டி கிடையாது என்கிறார்கள். "பெர்ஃபார்மன்ஸ் கார்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று அறிவுரை வேறு. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

பதில்: தம்பி, கார் பெயரையும் ஷோரூம் பெயரையும் எழுதியிருந்தீர்கள், இரண்டையும் எடுத்துவிட்டேன். கோர்ட்டுக்கு அப்புறம் வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஒரே விஷயம்: இதுவரை பாகம் மாற்றியிருக்கிறார்களே தவிர, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை.

அந்த அறிவுரையில் கால்வாசி உண்மை இருக்கிறது. உங்கள் டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர்தான். அப்பாவின் பழைய காரில் 185/65 டயர் இருந்திருந்தால் அதில் 120. ரப்பர் குறைந்தால் ரோட்டுச் சத்தம் உள்ளே வரத்தான் செய்யும், பிரேக் காலையில் கொஞ்சம் கீச்சிடும், அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சத்தம் முதல் நாளிலிருந்து நாலு பக்கமும் இருக்க வேண்டும். ஒரே மூலையில், 9,000-த்தில் ஆரம்பித்து, புது டயர் போட்டதும் நின்று, 5,000 கிலோமீட்டரில் திரும்பி வருவதை வண்டியின் சுபாவம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டயர் மாற்றியதும் நின்றது, டயர் தேய்ந்ததும் வந்தது, இல்லையா? பேரிங் போயிருந்தால் புது டயரிலும் முனகிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் சந்தேகம் பின் சக்கர அலைன்மென்ட் மேல். பின் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ லேசாகத் திரும்பி நின்றால் டயர் ரம்பப் பல் மாதிரி தேயும், முன் வீல் டிரைவ் வண்டிகளில் பின் டயர்களுக்கு இந்த வியாதி சாதாரணம். நீங்களே பார்க்கலாம். வண்டி நிற்கும்போது பின் டயரின் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) மேல் உள்ளங்கையை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் தேங்காய்த் துருவி மாதிரி கையில் நெருடினால் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதிக்கு ரோட்டில் போக வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் திருப்பத்தூர் ரோட்டில் 70-ல் போங்கள், புதுத் தார் போட்ட இடத்திலும் ஜல்லி பெயர்ந்த இடத்திலும் சத்தத்தின் குரல் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் டயர். மாறாமல், வலது பக்க வளைவில் கூடி இடது பக்க வளைவில் குறைந்தால் இடது பேரிங், ஏனென்றால் வலது பக்கம் திரும்பும்போதுதான் இடது சக்கரத்தில் பாரம் ஏறும். கண்ணை ரோட்டில் வையுங்கள், காதைப் பக்கத்தில் உட்காருகிறவர் கொடுக்கட்டும். அப்புறம் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் போய், முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையால் காயில் ஸ்பிரிங்கைப் பிடிக்க வேண்டும். கெட்டுப்போன பேரிங் என்றால் காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும், மணல் அரைபடுகிற மாதிரி. நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் சும்மா இருக்கும்.

இன்னொரு சோதனைக்குச் செலவே கிடையாது: முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. பக்கச்சுவரில் சுழற்சி அம்பு இருந்தால் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும். சத்தம் முன்னால் வந்துவிட்டால் டயர்தான் காரணம், கதை முடிந்தது. 64,000 ரூபாய் பில் போடுவதற்கு முன் அவர்கள் செய்திருக்க வேண்டிய அரை மணி நேர வேலை இது.

என் மச்சான் காரில் இதே மாதிரி தேய்கிற சத்தம். இரண்டு இடத்தில் பிரேக் பேட் மாற்றினார்கள். மூன்றாவதாகக் காரைக்குடியில் ஒரு பையன் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினான், மிளகு அளவில் ஒரு செம்மண் சரளைக்கல் கீழே விழுந்தது. நம்ம ஊர் மண் பாதையில் இது நடக்கும். உங்களுடையது அது இல்லை, உங்களுடையது முனகல், இது கீறல். சொல்லி வைத்தேன்.

வண்டி இரண்டு மாசம் கொட்டகையில் நிற்கிறது என்றீர்களே, அதுவும் சத்தம் போடும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகி, டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும். ஆனால் அது இருபது முப்பது கிலோமீட்டரில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். போகாததுதான் விஷயம். வாட்ச்மேனை விட்டு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவதால் சக்கரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, வாரம் ஒரு முறை யாராவது குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வந்தால் நல்லது.

சரி, சண்டைக்கு வருவோம். வாரண்டி முடிய ஆறு மாசம் இருக்கிறது, அதற்குள் புகாரை ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டில், ஏற்றிவிடுங்கள். "சத்தம் பார்க்கவும்" என்று எழுத விடாதீர்கள். "பின் இடது சக்கரம், 60-க்கு மேல் முனகல், மூன்றாவது முறை" என்று உங்கள் வார்த்தையில் எழுத வேண்டும், சர்வீஸ் அட்வைசர் உங்களோடு வண்டியில் வந்து கேட்டதையும் குறிக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கியது என்றால் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரிம் வளைந்திருந்தால் பேலன்ஸிங் மெஷினில் சுற்றும்போது ஆட்டம் கண்ணுக்கே தெரியும், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வளையவில்லை என்றால் அவர்கள் பேச்சில் பலம் இல்லை. அலைன்மென்ட் ரிப்போர்ட் கேளுங்கள், செய்வதற்கு முன் ஒன்று, செய்த பிறகு ஒன்று, பின் சக்கரத்தின் கேம்பர் (சக்கரம் மேலே சாய்ந்திருக்கும் அளவு), டோ (உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) இரண்டோடும். முன் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்புகிற இடங்கள் நிறைய. பேரிங் மறுபடி மாற்றுவதானால் ஹப் போல்ட் (பேரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்) புதிதா, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கினார்களா என்று நின்று பாருங்கள். பல வண்டிகளில் அந்த போல்ட் ஒரே முறை பயன்படுத்தத்தான், இம்பாக்ட் கன் வைத்து அடித்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், ஜாப் கார்டு நம்பர்களோடு கார் கம்பெனிக்கு மெயில், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதன் பிறகுதான் நுகர்வோர் ஆணையம், நீங்கள் சொன்ன கன்ஸ்யூமர் கோர்ட். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கார் எந்த ஊரில் வாங்கினாலும். அப்பா தேவகோட்டையில் இருப்பதால் சிவகங்கை மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயே முடியும், கட்டணம் 1,000 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில் அப்பா பெயரில் இருப்பது தடையில்லை, வாங்கியவர் சம்மதத்தோடு ஓட்டுகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் அப்பா பெயரிலேயே போடுங்கள், எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் குறையும். வழக்குக் காரணம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், டயர் பில் தேதியை எடுத்துப் பாருங்கள்.

வண்டியையே மாற்றித் தரக் கேட்காதீர்கள். 2006-ல் ஒரு கிளட்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியின் கடமை, முழு வண்டியை அல்ல என்று சொல்லிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது தவறான கண்டுபிடிப்பால் செலவான டயர் காசு, இலவசமாகச் சரி செய்து கொடுப்பது, அலைச்சலுக்கு நஷ்ட ஈடு. அதற்கு உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சேவைக் குறைபாடு போதும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது முதலில் உள்ளங்கைச் சோதனை. நெருடியதா இல்லையா என்று எழுதுங்கள், பின் டயரை ஓரமாகக் குனிந்து ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள்.