வசனம் அனுப்புவதும் அதிகாரம் படிப்பதும்

அன்புள்ள ஐயா,

வணக்கங்க. தாராபுரத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் வாக்குத்தத்த வசனம், அப்புறம் ஜெப விண்ணப்பங்கள், எல்லாம் அதில்தான். கோயமுத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகன், "இது படிப்பாகாதுங்க அத்தை" என்று லேப்டாப்பில் ஈ-ஸ்வோர்டு என்ற வேதாகம மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். திறந்தால் நாலு பெட்டி. எதைப் பார்ப்பதென்றே தெரியவில்லை. தமிழில் தேடினால் பாதி வசனம் வருவதில்லை. வாட்ஸ்அப்பை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே பழகிவிட்டது. நல்ல மென்பொருள் அப்படித்தானே இருக்கணும்? குழுவை டெலிகிராமுக்கோ அரட்டை என்ற செயலிக்கோ மாற்றலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, தாராபுரம்

அன்புள்ள டீச்சர்,

வாட்ஸ்அப் உங்களிடம் கேட்பது மிகக் குறைவு. வந்ததைப் பார்க்க வேண்டும், பிடித்தால் இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும். வேதாகம மென்பொருளோ நீங்கள் ஒரு கேள்வியோடு வருவீர்கள் என்று நினைத்துச் செய்யப்பட்டது. கேள்வி இல்லாமல் திறந்தால் நாலு பெட்டியும் சும்மா முறைத்துக்கொண்டிருக்கும். எது சுலபம் என்று கேட்டால் வாட்ஸ்அப்தான். சந்தேகமே இல்லை.

எரேமியா 29:11 உங்கள் குழுவிலும் வந்திருக்கும், ரோஜாப்பூ படத்தின் மேல். உங்களைக் குறித்து என் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்வது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் இதுதான், திருப்பூரில் புதிதாக பனியன் யூனிட் போடுகிறவருக்கும் இதுதான். அதே வசனத்தை ஈ-ஸ்வோர்டில் எடுத்தால் அதிகாரமே திறக்கிறது. கண் ஒரு வரி மேலே போனால் போதும், பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று நிற்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. கள்ளத் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க முடியும்? வசனம் ஆறுதல்தான். ஆனால் அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் அதில் இல்லை. ரோஜாப்பூ படம் வெட்டி எறிந்துவிடுவது அந்த எழுபது வருஷத்தைத்தான்.

உங்கள் குழுவினர் மேல் தப்பில்லை. சின்னத் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போவதற்கென்று அமைந்த செயலியில் எது போட்டாலும் துண்டாகத்தான் நிற்கும். நம் ஈரோட்டில் மிஷனரியாக இருந்த பாப்ளி, இந்திய இசை பற்றி 1921இல் நூல் எழுதியவர், வேதக் கதைகளைத் தமிழ்ப் பாட்டோடு சேர்த்துச் சொன்னவர். கதையாகச் சொல்லும்போது நடுவில் ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது.

சரி, நாலு பெட்டிக்கு வருவோம். ரிக் மேயர்ஸ் என்பவர் 2000இல் ஈ-ஸ்வோர்டை இலவசமாக வெளியிட்டார். வேதம், விளக்கவுரை, அகராதி, உங்கள் குறிப்பு: இவைதான் அந்த நாலும். இப்போதைக்கு வேதப் பெட்டியை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அண்ணன் மகன் ஸ்ட்ராங் எண்களைப் பற்றி உற்சாகமாகப் பேசியிருப்பான். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவின், அதாவது எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலின் எண்கள் அவை. ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் சொற்களை எபிரேய, கிரேக்க மூலத்தோடு இணைப்பவை. தமிழில் படிக்கிறவர் மூலத்துக்குப் போக நடுவில் ஆங்கிலத்தின் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவசரமில்லை, பிறகு பார்க்கலாம்.

தேடல் விஷயத்தில் உங்கள் குறை நியாயமானது. 'இரக்கம்' என்று முழுச் சொல்லாகத் தேடினால் 'இரக்கத்தை', 'இரக்கமுள்ள' எல்லாம் விட்டுப்போகும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, கருவிக்கு அது தெரிவதில்லை. 'இரக்க' என்று மட்டும் அடித்து, சொல்லின் பகுதியைத் தேடும்படி வைத்துப் பாருங்கள், மூன்றும் வரும். இதைப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. அன்றாடம் தமிழ் படிக்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்திருந்தால் இந்த ஓட்டை இருந்திருக்காது.

போனில்தான் படிப்பேன் என்றால் 2008இல் வந்த யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலி இருக்கிறது, தமிழும் உண்டு, அதிகாரமாகவே திறக்கும். தொடர்ந்து எத்தனை நாள் படித்தீர்கள் என்று அது எண்ணிக் காட்டுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒன்று மட்டும்: குறிப்புகளை எதிலும் பூட்டி வைக்காதீர்கள், நோட்டிலும் எழுதுங்கள். போதகர்களும் அறிஞர்களும் காசு கொடுத்து வாங்கிய பைபிள்வொர்க்ஸ் என்ற வேதாகம மென்பொருளின் நிறுவனமே 2018இல் மூடிவிட்டது.

குழுவை மாற்றுவது பற்றி. சந்தைக்குக் கூட்டம் போவதே அங்கே கூட்டம் இருப்பதால்தான். செய்திச் செயலியும் அப்படித்தான். ஜோஹோவின் அரட்டை 2021இல் வந்தது, 2025இல்தான் பெரிதாகப் பேசப்பட்டது. உங்கள் சங்கத்துப் பெண்கள் அங்கே இல்லையென்றால் நீங்கள் மட்டும் போய் என்ன செய்வீர்கள்? டெலிகிராமில் ஒரு வசதி உண்டு. செய்திகள் அவர்களுடைய சர்வரில் இருப்பதால் போன் மாறினாலும் பழைய பாடங்கள் கிடைக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் 2016 முதல் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர இடையில் யாரும் படிக்க முடியாத பூட்டு எல்லா உரையாடலுக்கும் இருக்கிறது. டெலிகிராமில் அந்தப் பூட்டு இருவர் மட்டும் பேசும் ரகசிய உரையாடலுக்குத்தான், குழுக்களுக்குக் கிடையாது.

ஜெப விண்ணப்பத்தில் யார் வீட்டுப் பெண் கணவனை விட்டு வந்தாள், யாருக்கு பயாப்ஸி எடுத்தார்கள் என்பதெல்லாம் வருமல்லவா? அதை வாட்ஸ்அப்பிலேயே வையுங்கள், ஆனால் வசனக் குழுவில் வேண்டாம். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் எந்தப் பூட்டும் உதவாது. நெருங்கியவர்கள் மட்டும் இருக்கும் சின்னக் குழு ஒன்றைத் தனியாகத் தொடங்கிவிடுங்கள். வசனக் குழுவில் அப்புறம் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.