நாலு குரலில் ஒரு பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எழுபதுகளின் கடைசியில், பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வரிசையாக நின்று பாரதியார் பாட்டு பாடும். எதிரே ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருப்பார். அவர்கள் யார்? இப்போது யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதுகு காட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். எல்லோருக்கும் எம்.பி.எஸ். பாடியவர்கள் 'மெட்ராஸ் யூத் கொயர்', எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் சேர்த்த குழு. நம் வானொலிக்காரர்கள் சேர்ந்திசை என்பார்களே, ஒரே பாட்டை ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவது, அதுதான். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதனால் உங்கள் ஞாபகத்தின் காலக்கணக்கு சரியாகவே இருக்கிறது.

இந்தக் குழுவைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் எம்.பி.எஸ். ஞாபகம் வரமாட்டார். என் அத்தை மகள்தான் வருவாள். பகலில் ஆபீஸ் வேலை, ஓய்வு கிடைத்தால் ஒத்திகை. ஆல்டோ வரிசையில், அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்களோடு நிற்பாள். வீட்டில் காய் நறுக்கும்போது தன் பகுதியை மட்டும் முணுமுணுப்பாள். அது என்ன பாட்டு என்று எங்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே போய்ப் போய் வரும். "என்னடி பாட்டு இது, தெருவுக்கே வராம திண்ணையிலயே சுத்துது" என்பாள் பாட்டி. பிறகு ஒருநாள் மேடையில் எல்லா வரிசையும் சேர்ந்து பாடியதைக் கேட்டோம். அவள் முணுமுணுத்தது அதற்குள் எங்கே இருக்கிறது என்று தேடினேன், பிடிபடவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு ஒல்லியாகிப் போகும் என்பது மட்டும் தெரிந்தது. தன் குரல் தனியாகக் காதில் விழுந்தால் தப்பாகப் பாடுகிறோம் என்று அர்த்தம் என்பாள். சபாவில் முன்வரிசைக்குப் போட்டி போடுகிற ஊரில் இப்படி ஒரு நினைப்பு இருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எம்.பி.எஸ்ஸுக்கு இந்த எண்ணம் சும்மா வரவில்லை. அவர் இடதுசாரி. திரைப்பட இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் உருவாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். தனியாகப் பாடி மின்னுவதைவிடச் சேர்ந்து பாடுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அவருக்கு முன்னால் வங்காளிகள் இதைச் செய்திருந்தார்கள். பம்பாயில் சலில் சௌத்ரி ஒரு கொயர் நடத்தினார். கல்கத்தாவில் 1958-இல் ருமா குஹ தாகுர்தா ஒன்று தொடங்கினார். சென்னைக்குத்தான் கொஞ்சம் தாமதமாக வந்தது.

கேட்காமலே ஒரு உபரிச் செய்தி: எம்.பி.எஸ்ஸின் மனைவி ஜாஹிதா, விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லூவின் மகள். 1919-இல் கிச்லூவையும் சத்யபாலையும் கைது செய்ததை எதிர்த்துக் கூடிய கூட்டத்தில்தான் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. தேசபக்திப் பாட்டு அந்த வீட்டில் விழா நாள் சமாசாரமாக இருந்திருக்காது.

கேள்வி: கர்னாடக சங்கீதம் படிக்கிறேன். ராகத்தில் ஹார்மனி (ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரங்களைச் சேர்த்துப் பாடுவது) வைத்தால் ராகம் கெட்டுவிடும் என்கிறார் என் குரு. நீங்கள் யார் கட்சி?
– மாணவர், திருச்சி

பதில்: தோடிக்கு உங்கள் குரு கட்சி, மோகனத்துக்கு எதிர்க்கட்சி.

தோடியின் காந்தாரம் (க) ஒரு இடத்தில் நிற்பதே கிடையாது, அசைவுதான் அதன் உயிர். நாலு வரிசை நாலு ஸ்வரத்தில் அசைத்தால் ஒன்றோடொன்று இடித்துக் கூச்சல்தான் மிஞ்சும். அசைக்காமல் நிறுத்தினாலோ தோடி போய்விடும்.

மோகனம் அப்படியில்லை. ஆர்மோனியம் இருந்தால் வாசித்துப் பாருங்கள். ச-வோடு க, ரி-யோடு ப, க-வோடு த, ப-வோடு மேல் ச, த-வோடு மேல் ரி. நடுவில் ஒரு ஸ்வரத்தைத் தாண்டி அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே போனால், எங்கே நிறுத்தினாலும் காதுக்கு இதமாக இருக்கும். முதல் ஜோடியைத் தவிர மற்ற எல்லாமே ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள இடைவெளிதான். அந்நிய ஸ்வரம் ஒன்றுகூட நுழையவில்லை பாருங்கள். கெடுதல் எங்கே வருகிறதென்றால், மேற்கத்திய பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரி-க்கு மேல் ம வைக்கும்போதும், ப-வுக்கு மேல் நி வைக்கும்போதும். மோகனத்தில் ம ஏது, நி ஏது? உங்கள் குரு முகம் சுளித்தால் அது அங்கேயாகத்தான் இருக்கும், நியாயமும்கூட.

சேர்ந்திசைக்கு மெட்டுப் போடுகிறவர் பாதி நேரம் இந்தக் காவல் வேலைதான் பார்க்கிறார். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை உள்ளே விடாமலிருப்பது என்பதில்தான் அதிக மண்டையிடி. கமகத்தையும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையும், குறைத்தாக வேண்டும். அந்த நஷ்டத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் சொல்லுக்கு வலுவுள்ள பாட்டாக எடுக்க வேண்டியிருக்கிறது. பாரதி அதற்கு லட்டு மாதிரி கிடைக்கிறார்.

கேள்வி: யேசுதாஸை அறிமுகம் செய்தது இந்த எம்.பி.எஸ்.தானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவரேதான். 1961 நவம்பர் 14, சென்னையில் ஒலிப்பதிவு. 1962-இல் வெளிவந்த 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படம். பாடியது ஸ்ரீ நாராயண குருவின் வரிகள். தமிழில் நமக்கு 1960-இல் 'பாதை தெரியுது பார்' கொடுத்தார். அதில் 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' எழுதியது ஜெயகாந்தன், பாடியது பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும். அதற்குப் பிறகு தமிழ் சினிமா எம்.பி.எஸ்ஸை அதிகம் கூப்பிடவில்லை, கேரளம் வைத்துக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' அவர் இசைதான். முகத்தைப் பார்க்க ஆசையென்றால் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) பாருங்கள். கழுதைக்குட்டியை வளர்க்கிற பேராசிரியராக அவரே நடித்திருக்கிறார்.

கேள்வி: அவருக்குப் பிறகு எல்லாம் போய்விட்டதா?
– அதே தஞ்சாவூர் ஆசிரியை

பதில்: இல்லை. 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் அவர் காலமானார். சென்னைக் குழு அதோடு கலைந்துவிடவில்லை, தொடர்ந்து பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பேரிலேயே ஒரு கொயர் இருக்கிறது. என் குறை வேறு. இவர்கள் பாடியதில் கையில் கிடைக்கிற ஒலிப்பதிவு கொஞ்சம்தான். கிடைப்பதும் பெரும்பாலும் ஒற்றை மைக்கில் பிடித்தது போல, மேல்குரல் மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கிறது. என் அத்தை மகள் வரிசை அதில் கேட்கவே கேட்காது.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இப்படிப் பாட வைக்க ஆசை. எனக்கு நொட்டேஷன் (இசைக் குறிப்பு) தெரியாது. முடியுமா?
– ஆசிரியை, விருதுநகர்

பதில்: முடியும். நாலு குரல் வேண்டாம், ஒரே மெட்டை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் குழு ஒரு வரி பாடி முடித்து இரண்டாவது வரிக்குப் போகும்போது, இரண்டாவது குழு முதல் வரியை எடுக்கட்டும். வரிகள் ஒரே நீளமாக இருக்கவேண்டும், ச-க-ப-வைச் சுற்றியே நடக்கிற மெட்டாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தானாக ஒத்துப்போகும். எந்த மெட்டு பொருந்தும் என்பதற்குச் சுருக்கு வழி: உங்கள் போனில் முதல் வரியைப் பதிந்து ஓடவிட்டு, அதன் மேலேயே இரண்டாவது வரியைப் பாடிப் பாருங்கள். பல் கூசினால் வேறு மெட்டு.

குரல் கட்டையான பையன்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களை வாயசைக்கச் சொல்லிவிடுவார்கள் பாவம். அவர்களைக் கீழ் ச-விலும் ப-விலும் மாறி மாறி நிற்க வையுங்கள். ஒரு வாரத்தில் வகுப்பே அவர்களைப் பிடித்துக்கொண்டுதான் பாடும்.

இரண்டாவது குழு எடுத்ததுமே பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், தன் வரி தவறிவிடுமோ என்ற பயம். கையை எடுக்கச் சொல்லுங்கள். எதிர்க்குழுவைக் கேட்டுக்கொண்டே பாடுவதுதான் இதில் முழுப் பயிற்சியும். ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் போடுங்கள். மெட்டை வாசித்தீர்களானால் இரண்டு குழுவும் அதன் பின்னாலேயே ஓடிவிடும்.