சுத்தியல் தலைச் சுறா உண்மையில் சுறாதானா? தலையைப் பார்த்தால் வேறு மீன் போல இருக்கிறதே?

சுறாவேதான். அதிலும் நாம் புட்டுக்கு வாங்கும் பால் சுறாவுக்குப் பங்காளி முறை: உயிரியல் வகைப்பாட்டில் வரிசை ஒன்று, அதற்குள் குடும்பம்தான் வேறு.

எனக்கு அதை அறிமுகப்படுத்தியது வேலூர் மீன் மார்க்கெட். கடலைப் பார்க்கச் சுமார் 140 கிலோமீட்டர் போக வேண்டிய ஊர் இது. பாலாற்றிலோ மணல்தான் ஓடும். சிறுவனாக அம்மாவோடு போயிருந்தபோது, ஐஸ் பெட்டிக்குள் முழங்கை நீளத்தில் ஒன்று கிடந்தது. “கொம்பன், கண்ணு” என்று சுத்தியல் தலைச் சுறாவின் மார்க்கெட் பெயரைச் சொல்லி, மீன்கார அம்மாள் அதைப் புரட்டிப் போட்டார். வெள்ளை வயிறு. முன்துடுப்புகளுக்கு நடுவே நகத்தால் கீறியது போல ஒரு தழும்பு. “தொப்புள்” என்றார். கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் அவர் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தது. கொம்பன் முட்டையிடுவதில்லை. கருவின் மஞ்சள்கருப் பையே நஞ்சுக்கொடியாக மாறித் தாயின் கருப்பையோடு ஒட்டிக்கொள்கிறது. குட்டி பிறந்த பின் அந்தத் தழும்பு கொஞ்ச காலம் இருக்கும். அந்தத் தலையோடு எப்படிப் பிறக்கிறது என்று கேட்பீர்கள். பிறக்கும்போது சுத்தியல் மெத்தென்று பின்பக்கம் மடிந்திருக்கும். பால் சுறாவும் இப்படி நஞ்சுக்கொடியில் வளர்த்துத்தான் குட்டி போடுகிறது.

வகைப்பாட்டின் கதை எங்கள் மாவட்டத்தின் கதைதான். 1758இல் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் சுறாக்களையெல்லாம் ‘ஸ்குவாலஸ்’ என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார், பழைய வட ஆற்காடு போல. பிறகு பிரிவினைதான். 1810இல் கொம்பன்களுக்கு ‘ஸ்பிர்னா’ வந்தது, 1862இல் ‘யூஸ்பைரா’. இந்த இரண்டாவதில் இருப்பது ஒரே இனம். அதன் தலை அகலம் உடல் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி! மற்றவை எல்லாம் ஸ்பிர்னாதான். பெரிய கொம்பன் 6 மீட்டர் வரை வளரும்.

தலை வெறும் அலங்காரமல்ல. இரு முனையிலும் கண்கள் இருப்பதால் முன்னால் பார்க்க முடியாது என்பார்கள். உண்மையில் இரண்டு கண்களின் பார்வையும் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. தலையின் அடியில் உள்ள நுண்துளைகள், மணலில் புதைந்த திருக்கையின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தைக்கூடப் பிடித்துவிடும். பிறகு அதே தலையால் திருக்கையைத் தரையோடு அழுத்தித் தின்னும்.

அன்று அம்மா கொம்பனை வாங்கவில்லை. தொப்புள் இருக்கிற மீனை எப்படிக் குழம்பு வைப்பது என்று சொல்லி, அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.