இலக்குத் தகடு வெட்டுவது: பட்டறைக்கு வந்த கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வீட்டை ஒட்டி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், டிப்பர் லாரிக்கு அடித்தகடு மாற்றுவது என்பவைதான் அன்றாட வேலை. துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகும் இருவர் இரும்பு இலக்கு கேட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அதையும் செய்து தருகிறேன். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: என்னிடம் இருப்பது ஏர் ரைஃபிள். அதற்கும் கடினத் தகடு வேண்டுமா?

வேண்டாம், பணம் வீண். உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாது. அதில் போடும் ஈயக் குண்டுக்கு 3 மி.மீ. சாதாரண இரும்பே தாராளம். ஆனால் எஃகு உருண்டைக் குண்டைப் போட்டு இரும்பைச் சுடாதீர்கள். ஈயம் நசுங்கி விழும்; எஃகு நசுங்காது, நேரே உங்கள் முகத்துக்குத் திரும்பும். எந்தக் குண்டானாலும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்க வேண்டாம்.

ஊத்தங்கரையிலிருந்து: கிளப்பில் ரைஃபிளுக்கு வைக்கும் இலக்கை 20 மி.மீ. சாதாரண இரும்பில் செய்தால் என்ன? தடிமன்தான் இருக்கிறதே?

தடிமன் குண்டு துளைத்துப் போவதைத் தடுக்கும், குழி விழுவதைத் தடுக்காது. ஆபத்து குழியில்தான் இருக்கிறது. தட்டையான கடினத் தகட்டில் மோதும் குண்டு தூளாகி, தகட்டின் முகத்தை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். குழி விழுந்த இடத்தில் அடுத்த குண்டு பட்டால், கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர் மேலே தெறிப்பது போலச் சில்லுகள் சுட்டவரை நோக்கியே வரும். சாதாரண இரும்பின் கடினம் பிரினெல் அளவில் ஏறக்குறைய 120 முதல் 150. இலக்குக்கு எடுப்பது 500 அளவிலான தகடு. பட்டறைகளில் எந்த நிறுவனத்துத் தகடானாலும் 'ஹார்டாக்ஸ்' என்ற ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குகிறார்கள். 10 மி.மீ. தடிமனில் 300 மி.மீ. வட்டம் ஒன்று ஐந்தரைக் கிலோ வரும்.

பர்கூரிலிருந்து: அந்தத் தகட்டை நாலங்குல கிரைண்டரிலேயே வெட்டலாமா?

வெட்டலாம். சக்கரம் வேகமாகத் தேயும், பொறுமையும் தேயும். கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றித்தான். இந்தத் தகட்டின் கடினம் ஆலையில் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்ததால் வந்தது. 200, 250 டிகிரியைத் தாண்டினால் அது இறங்கத் தொடங்கும், ஆறிய பிறகு திரும்பி வராது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: வைக்கோல் நிறம் என்றால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள்; நீலம் என்றால் 300 டிகிரி வரை போயிருக்கிறது. நீலம் பாய்ந்த ஓரத்தில் அடுத்த மாதமே குழி விழும். அதனால் விரற்கடை தூரம் வெட்டி, ஆறவிட்டு, மறுபடி வெட்டுங்கள். தேநீர் குடிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கேஸ் கட்டிங் இதற்கு ஆகாது. விளிம்பிலிருந்து பல மில்லிமீட்டர் உள்ளே வரை இளகிப்போகும். பிளாஸ்மா கட்டிங்கில் இப்படி இளகும் பட்டை குறுகும், தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து வெட்டினால் இன்னும் குறுகும். சிறிய துண்டென்றால் கூடுதல் கவனம் வேண்டும், சூடு போக இடமில்லாமல் முழுத் துண்டும் காய்ந்துவிடும். பத்து இருபது இலக்கு வேண்டுமென்றால் வாட்டர்ஜெட்டில் கொடுங்கள். மணல் கலந்த நீர் வெட்டும்போது சூட்டுப் பேச்சே இல்லை. நானும் அப்படித்தான் வெளியே கொடுக்கிறேன், அதில் வெட்கமில்லை.

சக்கரத்தின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் மாட்டாதீர்கள். பெரிய சக்கரம் போடுவதற்காகக் காப்பு மூடியைக் கழற்றுகிறவர் என் பட்டறைக்குள் வர வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து: கேஸில் வெட்டிவிட்டேன். அரிவாளுக்குச் செய்வது போல மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் சரியாகுமா?

அரிவாள் மெல்லியது, கொல்லர் அதன் வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்துக் காய்ச்சுகிறார். உங்கள் தகடு முழுவதும் ஒரே சீராக 900 டிகிரிக்குப் பக்கம் ஏற வேண்டும், பிறகு சட்டென்று குளிர வேண்டும். வீட்டு உலையில் ஒரு பக்கம் சிவக்கும்போது மறுபக்கம் கறுத்தே இருக்கும். தண்ணீரில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் விரிசல் விடும். அதை இலக்காக்காதீர்கள், வாசல் சாக்கடைக்கு மூடியாகப் போடலாம்.

ஜல்லி கிரஷர் வைத்திருப்பவர்: கல்லை நெரிக்கும் தாடைத் தகடு, கழித்தது, குவிந்து கிடக்கிறது. பயன்படுமா?

காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது மாங்கனீஸ் வார்ப்பு. அடிபட அடிபட இறுகும் என்பது உண்மைதான், ஆனால் முகம் வரிவரியாக இருக்கிறதே, சில்லு எங்கே போகும் என்று யார் சொல்வது? லாரியின் பட்டை ஸ்பிரிங்கும் அப்படித்தான்: கடினம் இருந்தாலும் வளைவு ஆகாது. டிப்பர் அடியில் போட்டுக் கழித்த தேய்மானத் தகடு தட்டையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் அவை சூட்டில் புகையாக வரும். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

ஓசூரிலிருந்து: தொங்கவிட ஓட்டை போட டிரில் பிட் நாலு போய்விட்டது.

சாதாரண பிட் தாங்காது. கார்பைடு பிட் வாங்குங்கள், வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுங்கள். இல்லையேல் வெட்டும் இடத்திலேயே ஓட்டையையும் கேட்டு வாங்குங்கள். தகட்டைச் சட்டத்தோடு வெல்டு வைக்கவே கூடாது, அந்த இடமும் இளகும். போல்ட் போட்டுத் தொங்கவிட்டு, முகம் சற்றே தரையைப் பார்க்கும்படி சாயுங்கள். சில்லு மண்ணுக்குப் போகும்.

பென்னாகரத்திலிருந்து: நாட்டுத் துப்பாக்கி சுட்டுப் பார்க்க ஒன்று செய்து தருவீர்களா?

மாட்டேன். உரிமமும் பயிற்சிக் களமும் இருப்பவருக்குத்தான் செய்கிறேன். உரிமம் இல்லாத துப்பாக்கியென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

அரூரிலிருந்து: என்ன பெயிண்ட் அடிப்பது?

இருப்பதில் மலிவானது. எப்படியும் அரை மணி நேரத்தில் போய்விடும். கீழே கிடக்கும் ஈயத்தைப் பெருக்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.